'பதிலளிக்காதவர்' யார்?

வாழவந்தியில் ஒரு பெரியவருக்காக இணைய ஆய்வொன்றின் வினாப் படிவத்தைக் கைபேசியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். இனம் 'மலையாளி' என்றதும் தாய்மொழிக் கட்டத்தில் 'மலையாளம்' தானாக வந்து உட்கார்ந்தது. திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. "உடு கண்ணு, நாம யாருன்னே தெரியாதவனுக்கு என்னத்தச் சொல்றது?" பெரியவர் எழுந்து போய்விட்டார்.

சேர்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். ஆய்வின் அட்டவணையிலோ இவர் வெறும் 'பதிலளிக்காதவர்'. கேள்விகளைக் குறை, வரிசையை மாற்று, பங்கேற்பு கூடும் என்பார்கள். கூடலாம்தான். ஆனால் இவர் விலகுமுன்பே படிவம் இவரை விலக்கிவிட்டதே, அதை எந்த அட்டவணையில் எழுதுவது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு மதங்களுக்கே எண் தரப்பட்டது. மற்றவர்களின் மதத்தைப் பெயராக எழுத இடம் விட்டிருந்தார்கள். அந்தச் சின்ன இடத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் 'சர்னா' என்று பதிவானார்கள். அதே ஆண்டு தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் பட்டியல் இல்லை. எழுத்துப்பிழை, குலப்பெயர் எல்லாம் சேர்ந்து 46 லட்சத்துக்கும் மேல் சாதிப் பெயர்கள் குவிந்தன. பயன்படாத தரவு என்று 2021இல் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் கைவிரித்தது. பட்டியல் வேண்டாமென்று நானும் சொல்ல மாட்டேன்.

2027 கணக்கெடுப்பில் மக்கள் தாமே இணையத்தில் நிரப்பும் வசதி அறிவிக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் இருக்கட்டும். அதன்கீழ் எழுத ஒரு வரி இடமும் இருக்கட்டும். பட்டியல் எங்கே தப்பென்று அந்த வரிதான் சொல்லும்.