கிள்ளிய கீரை

கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் வீட்டுப் புறவாசலில் இரண்டு பாத்தி கீரை உண்டு. கண்மாய் வண்டலும் சாணக் குப்பையும் போட்டு, விதையை மணலோடு கலந்து தூவி, எறும்பு இழுத்துப் போகாமல் மேலே சாம்பல் தெளிப்பது அம்மாவின் முறை. ஒரு பாத்தி சிறுகீரை, மற்றது அரைக்கீரை. சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். விட்டால் தண்டு முற்றிவிடும். அரைக்கீரையோ கிள்ளக் கிள்ளத் தழைக்கும். இந்தச் சிறு வேற்றுமை தெரியாமல் நம் பழைய கவிகளில் சில இடங்களைச் சரியாகப் படிக்க முடியாது என்பது என் கட்சி.

புறநானூற்றின் 159ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலைமையைக் குமணனிடம் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தே மெலிந்துபோன மனைவி, குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பில்லாமல் வெறும் நீரில் வேகவைக்கிறாள். சோறு மறந்துபோயிற்று; மோரும் இல்லை. 'வறுமைக்கு நல்ல உதாரணம்' என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அவள் பறிப்பது, முன்பு கொய்த இடத்திலேயே மறுபடி துளிர்த்த, இன்னும் முற்றாத தளிர். அப்படியானால் அவள் சில நாட்களுக்கு முன்பும் அங்கே வந்திருக்கிறாள், நாளைக்கும் வருவாள். வேரை மட்டும் விட்டுவைக்கிறாள். பசியின் கொடுமையை அல்ல, பசியின் நீளத்தைக் கவி சொல்லிவிட்டார். அதற்கு அவருக்கு ஒரு கணு போதுமானதாக இருந்தது.

பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் செய்வது இதற்கு நேர்மாறு. மழை கொட்டும் இரவில் அடியார் வந்து நிற்கிறார். பகலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். பிறகு, குழிகூட நிரம்பாத குறும்பயிரை இருட்டில் கையால் தடவிப் பிடுங்குகிறார். பாசத்தை வேரோடு பறிப்பது போல என்று சேக்கிழார் உவமை சொல்கிறார். உவமையைப் பாராட்டுகிறவர்கள் கீரையைப் பார்ப்பதில்லை. விதையும் போயிற்று, வேரும் போயிற்று. நாளைக்கு என்று அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஒரே கீரையைப் பல கறிகளாகச் சமைத்து வைத்த அம்மையாரின் கையையும் சேக்கிழார் மறக்கவில்லை.

இவ்வளவு பேசும் நான் என்ன செய்தேன்? என் நாவல் ஒன்றில் கரிசல் காட்டுப் பஞ்சத்தை வர்ணித்து, ஒரு தாய் கீரையை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக எழுதினேன். பலர் மனம் உருகிக் கடிதம் போட்டார்கள். அம்மா படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:

"ஏய்யா, மழையே இல்லைன்னு எழுதியிருக்கே. அப்புறம் கீரை ஏது?"

எனக்குப் பதில் இல்லை. மழை பெய்தால்தான் பருத்திக் காட்டில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தலைகாட்டும். நிலம் பிளந்து கிடக்கிற காலத்தில் கீரை ஒரு செல்வம். அரிவாட்டாயர் கதையில் சேக்கிழார் இதைத் தெளிவாகச் சொல்கிறார். இறைவனுக்குச் செந்நெல்லும் செங்கீரையும் மாவடுவும் கொடுக்கிற அந்த மனிதர், வறுமை வந்தபோது கொல்லைக் கீரையைத் தின்கிறார். அதுவும் தீர்ந்தபின் வெறும் தண்ணீர்தான். என் அம்மாவுக்குத் தெரிந்தது சேக்கிழாருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. கீரையை நான் பாத்தியிலிருந்து எடுக்கவில்லை. பிறர் புத்தகங்களிலிருந்து வறுமையின் முத்திரையாக எடுத்தேன்.

புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சேற்றினார். அவர் ஏடு தேடி எங்கள் ஊருக்கும் வந்தார். கோயிலில் இருந்த பழைய சுவடிகள் பழுதாகிவிட்டன என்று, நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் நொந்ததை 'என் சரித்திர'த்தில் காணலாம். அவற்றில் எத்தனை பெண்கள் எந்தக் குப்பையில் என்ன பறித்தார்களோ! ஏடு அரைக்கீரை அல்ல, மறுபடி துளிர்ப்பதற்கு. தப்பிப் பிழைத்தவற்றையாவது நாம் அவசரமில்லாமல் படிக்க வேண்டாமா?

அடுத்த பதிப்பில் அந்தத் தாயின் சட்டியில் தண்ணீரை மட்டும் கொதிக்க விட்டிருக்கிறேன். அம்மா படித்தாள். ஒன்றும் சொல்லாமல், கடைந்த கீரையைக் கம்மஞ்சோற்றின் மேல் ஊற்றி என் முன்னே வைத்தாள்.