பபூனுக்கு யார் காசு கொடுத்தது?

போன வருடம் சென்னையில் ஒரு ஓபன் மைக் பார்க்கப் போயிருந்தேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். ஆறாவதாக ஏறிய பையன் தூத்துக்குடிக்காரன். நானும் அந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் தன் அம்மாவைப் பற்றிப் பேசினான். "எங்கம்மா கொழம்புல மட்டும் உப்புப் போட மறந்துருவா. கேட்டா, 'விடியக்காலத்துலருந்து அதத்தாம்ல பாத்துட்டு வாரேன், வீட்லயுமா'ம்பா."

நல்ல ஜோக். ஆனால் கூட்டம் சிரித்தது 'அதத்தாம்ல' என்ற இடத்தில். 'வீட்லயுமா' வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் சொல்ல வந்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை. அவன் பேச்சு வழக்கைத்தான் கேட்டார்கள்.

பையனின் டைமிங் சரியில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். சிரிப்பை யார் விலைகொடுத்து வாங்குகிறார்களோ, அவர்களுக்கு எது பழக்கம், எது வேடிக்கை என்பதை வைத்துத்தான் ஜோக் உருவாகிறது. தமிழ் ஸ்டாண்ட்-அப் பற்றி எழுதுகிறவர்கள் உள்ளடக்கம், துணிச்சல், அரசியல் என்றெல்லாம் பேசுகிறோம். கல்லாப்பெட்டி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை.

ஸ்டாண்ட்-அப் நேற்று இறக்குமதியான சரக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. என் அம்மாவின் ஊர் விளாத்திகுளம் பக்கம். அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி வருவதற்கு முன்னால் பபூன் வருவார். தனியாக மைக் முன்னால் நின்று பேசுவார், பாடுவார், ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், முன்வரிசைப் பெரிசுகளைச் சீண்டுவார். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அதன் தொழில் ஏற்பாடும் கவனிக்க வேண்டியது. ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு ராத்திரிக்குப் பேசி அமர்த்துவார்கள். ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். நோட்டீஸில் படமும் ஊர்ப்பெயரும் இருக்கும். இன்றைக்கு கிக் என்கிறோமே, அதேதான். செலவுக்குத் தலைக்கட்டு வரி. மேடைக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்திருக்கும் கிழவிக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் அவள் வீட்டுக் காசும் அந்த மேடையில் இருக்கிறது. பபூன் அவள் பேச்சு வழக்கில் பேசியே ஆக வேண்டும். அங்கே 'ல' சிரிப்பை உண்டாக்காது. அது வெறும் காற்று மாதிரி. சிரிப்பு அதற்கு அடுத்துதான் வர வேண்டும்.

இந்த பபூன்களைப் பற்றி விரிவாக எழுதிய மானுடவியலாளர் சூசன் சைசர். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சுமக்கும் இழிவைப் பற்றிய அவரது நூல் 2005-ல் வந்தது. அதற்குப் பிறகு அவர் அமெரிக்காவின் சிறு ஊர்களில் காரோட்டிக்கொண்டு திரியும் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களைப் பற்றி 'ரோட் காமிக்ஸ்' என்ற ஆவணப்படத்தை 2012-ல் எடுத்தார். அங்கும் ஒரு ராத்திரி ஒப்பந்தம், அங்கும் பெயர் தெரியாத ஊர். நம் பபூனுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவை நாம் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார்.

இப்போது அந்தப் பையனுக்கு முன்னால் இருக்கும் படிக்கட்டைப் பாருங்கள். முதலில் காசில்லாத ஐந்து நிமிடம். பிறகு யாரோ ஒருவரின் ஷோவில் பத்து நிமிடம். அப்புறம் சொந்தமாக ஒரு மணி நேரம். இதற்கே வருடங்கள் ஆகும். டிக்கெட் பணத்தில் அரங்கு வாடகை, டிக்கெட் செயலியின் கமிஷன் எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு. அதனால் பலருக்கும் சோறு போடுவது கார்ப்பரேட் ஷோதான். அங்கே அரசியல், மதம், சாதி எதுவும் கூடாது. மனைவி, ட்ராஃபிக், மேனேஜர் மட்டும் பாக்கி. டிவி வழி வேறு. 'கலக்கப் போவது யாரு' போன்ற மேடையில் முகம் தெரிந்தால், அந்த முகத்தை வைத்துக் கல்யாணத்துக்கும் கோவில் விழாவுக்கும் ரேட் பேசலாம்.

மேலே ஓடிடி. இதற்கு எங்கள் கடற்கரையில் ஒரு ஒப்புமை உண்டு. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ல். குளித்து எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்குகிறவரின் கவலை. நகைச்சுவைக்காரர் நிலைமை தலைகீழ். அவர் சிப்பியை எல்லோர் முன்னாலும் திறந்து காட்டியாக வேண்டும். ஸ்பெஷலாகப் பதிவாகி வெளியான பிறகு, அந்த ஒரு மணி நேரத்தை வைத்து மறுபடி ஊர் சுற்ற முடியாது. கேட்ட ஜோக்குக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இரண்டு நிகழ்ச்சிகளை வைத்துப் பார்க்கலாம். 2017-ல் அமேசான் ப்ரைமில் வந்த அரவிந்த் எஸ்.ஏ.யின் 'மெட்ராசி டா' பெரும்பாலும் ஆங்கிலம். இந்தியா முழுக்க இருக்கும் சந்தாதாரருக்குத் தென்னிந்தியனை விளக்குகிற வேலை அதில் நிறைய. நன்றாகச் சிரித்தேன். ஆனால் என்னைப் பற்றி வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு கடைசிவரை போகவில்லை.

2019-ல் அதே தளத்தில் வந்த அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' தமிழில், தமிழரிடம் பேசுகிறது. பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் பாடிக்காட்டி, நடுநடுவே கதை சொல்கிறார். இதை மிமிக்ரி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அதில் பபூன் தெரிந்தார். கேட்ட ஜோக்கை ஜனங்கள் திரும்பக் கேட்க மாட்டார்கள், கேட்ட பாட்டை ஆயிரம் தடவை கேட்பார்கள். சிப்பியைத் திறந்த பிறகும் விலை போகிற ஒரே வழி அது. ஆனால் அங்கேயும் வாங்குகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். குடும்பத்தோடு வரும் நடுத்தர வர்க்கமும் வெளிநாட்டுத் தமிழரும்தான். அவர்களுக்குப் பொதுவாக இருப்பது சினிமாப் பாட்டும் ஊர் நினைப்பும். ஆகவே ஊர் அங்கே எப்போதும் இனிப்பாகவே இருக்கிறது. உப்பளம் வராது.

ஊர்க்காசு புனிதம் என்று சொல்லவில்லை. வரி போடுகிற சாதியைப் பற்றி பபூன் வாயைத் திறக்க முடியாது. கூட ஆடும் பெண்ணைக் கேவலமாகப் பேசிச் சிரிப்பு வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லாவுக்கும் ஒரு பூட்டு உண்டு. ஒரே கல்லாவை நம்பியிருப்பதுதான் ஆபத்து. தூத்துக்குடியிலேயே ஒரு சின்ன ஹாலில், ஒரு பிரியாணி விலை டிக்கெட்டில், மாதம் ஒருமுறை நூறு பேர் வந்தால் போதும். அந்தப் பையன் பணக்காரன் ஆகிவிட மாட்டான். ஆனால் தன் ஜோக் எங்கே முடிகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அதன்பிறகு சென்னைக்குப் போனாலும் அதைத் தொலைக்க மாட்டான்.

ஊருக்குப் போனபோது அந்த ஜோக்கைச் சித்தியிடம் சொன்னேன். இருபது வருடம் உப்பளத்தில் வாரியவள். சரியாக 'வீட்லயுமா'வில் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"இதுக்கு அந்தப் பயலுக்கு எவ்வளவு குடுத்தாவ?"

"புதுப் பையங்களுக்கு ஒண்ணும் கெடையாது சித்தி."

"சிரிச்சுட்டுக் காசு குடுக்காமலா எந்திரிச்சுப் போனானுவ?"