ஆக்டோபேடில் பறை

மெல்லிசைக் குழுக்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை. சினிமாப் பாட்டை அப்படியே திருப்பிப் பாடுகிறவர்கள்தானே, இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்கிற நினைப்பு. ஆனால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை திருவிழாக்களில் நம் ஜனங்கள் ராத்திரி கண்முழித்துக் கேட்பது சபா சங்கீதத்தை அல்ல, இவர்களைத்தான்.

மாமல்லபுரத்துக்கு மேடை புதிதல்ல. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பாறையைப் பின்திரையாக்கி, அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்தியது. பிறகு அது கடற்கரைக் கோயில் பக்கம் போனது. நான் பார்த்த கச்சேரி அந்த மேடையில் இல்லை. ஓர் ஆடித் திருவிழா. மணலில் சவுக்குக் கம்பு நட்டுப் போட்ட மேடை. பின்னால் கடற்கரைக் கோயில் அச்சடித்த ஃபிளெக்ஸ். அசல் கோயில் பத்து நிமிஷ நடை.

முழுக்க இளையராஜா பாட்டு. சும்மா சொல்லக் கூடாது, அசத்திவிட்டார்கள். ரெக்கார்டில் புல்லாங்குழல் மூச்சு வாங்குகிற இடத்தில் கீபோர்டும் மூச்சு வாங்கியது. நடுவில் ஒரு குத்துப்பாட்டு. பறை அதிர்ந்தது, கூட்டம் எழுந்து ஆடியது. மேடையில் பறை இல்லை. ஆக்டோபேடின் ஒரு ரப்பர் கட்டத்துக்குள் அந்தச் சத்தத்தை அடைத்து வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த சித்தப்பா நாற்பது வருஷம் சாவுக்கு அடித்தவர். "எப்டி சித்தப்பா?" என்றேன்.

"நல்லாத்தாண்டா அடிக்கிறான். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சற வேல இல்ல. மழையிலகூட அடிப்பான் போல. அவன யாரும் தெருக்கோடில நிக்க வெக்க மாட்டாங்க."

பறையைத் தூக்கி எறி என்று ஒரு குரலும், அதையே கலகக் கருவியாக்கு என்று இன்னொரு குரலும் 90களில் நமக்குள் மோதின. இரண்டு தரப்பும் யோசிக்காத மூன்றாவது வழியைச் சந்தை கண்டுபிடித்துவிட்டது: தீட்டைக் கழுவிவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வது.

நகல் எடுப்பதே கேவலம் என்று நான் சொல்லவில்லை. பாவலர் வரதராசன் ஊருக்குத் தெரிந்த சினிமா மெட்டுகளை எடுத்து, கம்யூனிஸ்ட் மேடைகளில் தன் வார்த்தைகளைப் போட்டுப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் அவர் பாட்டைக் கேட்டார்கள். அந்தக் குழுவில் வளர்ந்தவர்தான் இளையராஜா. அண்ணன் மெட்டை எடுத்து ஒரு காரியம் செய்தார். இன்றைய குழுக்கள் ரெக்கார்டுக்கு விசுவாசமாக இருப்பதோடு சரி.

2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக் கூடாதென்று இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பலர் அவரைப் பேராசைக்காரர் என்று திட்டினார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் நியாயம் தெரிந்தது; உழைப்புக்குக் கூலி கேட்டால் மட்டும் இந்தச் சமூகத்துக்குச் சங்கீதம் புனிதமாகிவிடும். ஆனால் சட்டம் இசையமைப்பாளரோடு நின்றுவிடுகிறது. அடிக்குச் சொந்தக்காரன் யார்? பஞ்சமி நிலத்துக்காவது 1892இல் ஓர் அரசாணை இருந்தது. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பறையடிக்குப் பட்டாவும் இல்லை, கேட்டுப் போக ஆபீசும் இல்லை.

கச்சேரி முடிந்து சாமான் ஏற்றிக்கொண்டிருந்த குழுக்காரரிடம், இந்தப் பக்கத்து ஆட்கள் ரெண்டு பேரைப் பறைக்குக் கூப்பிடலாமே என்று கேட்டேன். "மைக்ல அடங்காது சார்" என்றார். வேனிலும் இடமில்லையாம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியபோது கிட்டார், டிரம்ஸ் பக்கத்தில் பறையும் மேடையேறியது. எல்லாம் ஒரே ஸ்பீக்கரில்தான் வந்தது.