பாரிஸ்டரின் வாதமும் நமது ஐயமும்

கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டை அடுத்துள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பம் தமிழக அரசியலில் ஆழப் பதிந்த பெயர். தந்தை டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். மகன் மோகன் குமாரமங்கலமோ கேம்பிரிட்ஜில் பயின்று பாரிஸ்டரானவர். பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றவர். 1971இல் மத்திய அமைச்சரானவர். நீதிபதி நியமனங்களைப் பற்றி அவர் எழுதி 1973இல் வெளிவந்த ஆங்கில நூலே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு வெளிவந்தது. அடுத்த நாளே, அவ்வழக்கில் அரசுக்கு மாறாகத் தீர்ப்பளித்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பெற்றார். மூவரும் பதவி துறந்தனர். அரசின் செயலுக்கு அரண் செய்யவே இந்நூல் எழுந்தது.

பணிமூப்பு ஒன்றே தகுதியாகாது என்று 1958இல் சட்டக் கமிஷன் கூறியதை ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார். இவ்வாதம் வலுவானதே, மறுப்பதற்கில்லை. ஆயின், நீதிபதியின் சமூக நோக்கையும் அரசு கருத்திற்கொள்ளலாம் என்று அவர் மேலே செல்லுமிடத்தில்தான் நமக்கு ஐயம் பிறக்கிறது. அந்நோக்கை எடைபோடுபவர் யார்? வழக்கில் ஒரு தரப்பாக நிற்கும் அரசேயன்றோ! குற்றவாளிக் கூண்டில் நின்று பழகிய ஒருவர் இதை எண்ணாது விட்டது வியப்பே.

1973 மே 31இல் விமான விபத்தில் அவர் மறைந்தார், பின்விளைவைக் காணவில்லை. 1976இல் நெருக்கடிநிலைக் காவல் வழக்கில் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி கன்னா, 1977இல் ஒதுக்கப்பட்டார். அவ்விடத்தில் அமர்ந்த எம்.எச். பேக் ஒரு முஸ்லிம். அதனால் நாம் மகிழ்ந்திருக்க வேண்டுமா? இல்லை. கல்வி நிறுவனங்கள் நடத்த அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமை, அரசுக்கு அஞ்சாத நீதிபதியிடமே பாதுகாப்புப் பெறும். அவர் எம்மதத்தவராயினும் நன்றே.

கேடயம் பற்றிய வழக்கில், போதிய சாட்சியம் இல்லையெனக் கலீஃபா அலீ (ரலி) அவர்களுக்கே எதிராகக் காஜி ஷுரைஹ் தீர்ப்பளித்தார் என்பர். அந்தக் காஜியை நியமித்ததும் ஆட்சியே. நியமித்தவருக்கு எதிராகவும் தீர்ப்புரைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. பாரிஸ்டரின் நூல் நியமிப்பவரின் உரிமையைத் திறம்பட விளக்குகிறது; தீர்ப்புரைப்பவரின் உரிமைக்கு அதில் போதிய இடமில்லை என்பதே நம் துணிபு.