தலைமையும் தெளிவின்மையும் – நூல் விமர்சனம்

கல்லூரி நிர்வாகிகளுக்கான தலைமைப் பயிற்சி நூல்களில் பெரும்பாலானவை, தலைவர் திறமையானவராக இருந்தால் நிறுவனம் முன்னேறும் என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. மைக்கேல் டி. கோகன், ஜேம்ஸ் ஜி. மார்ச் ஆகிய இருவரும் எழுதி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘லீடர்ஷிப் அண்ட் ஆம்பிகுவிட்டி’ (தலைமையும் தெளிவின்மையும்) அந்த நம்பிக்கையையே கேள்விக்கு உட்படுத்துகிறது. 42 அமெரிக்கக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ந்து, அங்குள்ள தலைவருக்கு மற்றவர்கள் நினைக்கும் அளவுக்கு அதிகாரம் இல்லை என்று இந்நூல் சொல்கிறது. அமெரிக்காவில் ‘தலைவர்’ எனப்படுபவர், நம் வழக்கில் துணைவேந்தர் அல்லது முதல்வர் நிலையில் இருப்பவர்.

நூல் எழுதப்பட்ட காலத்தை அறிந்தால் இந்த முடிவு வியப்பாக இராது. 1964இல் பெர்க்லியில் பேச்சுரிமைக்கான மாணவர் இயக்கம் வெடித்தது. அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் கிளார்க் கெர். அமெரிக்காவின் மிகத் திறமையான கல்வி நிர்வாகிகளில் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார். ஆனாலும் 1967 ஜனவரியில், ரொனால்டு ரீகன் ஆளுநரான சில வாரங்களிலேயே, பல்கலைக்கழக ஆட்சிக்குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பின்னர் அவர் கார்னெகி உயர்கல்வி ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். கோகன், மார்ச் நூல் அந்த ஆணையத்துக்காக எழுதப்பட்டதே. மார்ச்சும் வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். கெர் தலைமை வகித்த அதே பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சமூக அறிவியல் புலத்தின் முதல் டீனாக இருந்தவர். எதிர்கால நிர்வாகிகளை உருவாக்க அமெரிக்கக் கல்வி மன்றம் 1965இலேயே ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. பயிற்சியால் நல்ல தலைவர்களை உருவாக்கிவிடலாம் என்று நாடு நம்பத் தொடங்கிய காலத்தில், பயிற்சி பெற்றவர் உட்காரப்போகும் நாற்காலியின் வலிமையையே இவர்கள் அளந்து பார்த்தார்கள்.

குப்பைத்தொட்டி

பல்கலைக்கழகத்தை நூலாசிரியர்கள் ‘ஒழுங்கமைந்த அராஜகம்’ என்கிறார்கள். நோக்கம் என்னவென்று எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. கற்பித்தல் எப்படிப் பலன் தருகிறது என்பது யாருக்கும் முழுமையாகத் தெரியாது. கூட்டத்துக்கு இன்று வருபவர் நாளை வருவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் முடிவு எடுப்பது ஒரு குப்பைத்தொட்டியைப் போன்றது. அதில் பிரச்சினைகளும் தீர்வுகளும் ஆட்களும் தனித்தனியே வந்து விழுகிறார்கள். எது எதோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பெரும்பாலும் அந்த நேரத்தைப் பொறுத்தது. இக்கருத்தை இருவரும் நார்வே அறிஞர் யோஹான் ஓல்சனுடன் சேர்ந்து, கணினி மாதிரி ஒன்றுடன் 1972இலேயே வெளியிட்டிருந்தனர்.

பள்ளியில் வேலை பார்த்த எனக்கே இது உடனே புரிந்தது. எங்கள் ஆசிரியர் கூட்டம் ஒன்று கால அட்டவணை பற்றிப் பேசக் கூடியது. சற்று நேரத்தில் குடிநீர்த் தொட்டி வந்தது, அடுத்து மிதிவண்டி நிறுத்துமிடம் வந்தது, ஆண்டு விழாச் செலவு வந்தது. கடைசியில், அவசரமாகப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போன பிறகு, மிச்சமிருந்த நான்கு பேர் அட்டவணையை முடித்தோம். இதை நான் வெறும் ஒழுங்கின்மை என்றே நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு நடைமுறை விதி இருக்கிறது என்று காட்டியது இந்நூல்தான்.

தலைவரின் நிலையை நான்கு வகைத் தெளிவின்மைகளாக நூல் விளக்குகிறது: நோக்கம், அதிகாரம், அனுபவம், வெற்றி. இவற்றில் அனுபவத்தைப் பற்றிய பகுதியே நூலின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. ஒரு தலைவர் தாம் செய்ததிலிருந்து பாடம் கற்பதாக நினைக்கிறார். ஆனால் சேர்க்கை கூடியது அவருடைய முயற்சியாலா, அந்த ஆண்டின் பொருளாதார நிலையாலா என்று பிரித்தறிய வழியில்லை. சறுக்கும் காரின் ஓட்டுநருடன் நூலாசிரியர்கள் தலைவரை ஒப்பிடுகிறார்கள். அவர் கைத்திறன் கொஞ்சம் உதவலாம். ஆனால் பழி வருமா பாராட்டு வருமா என்பது அவர் கையில் இல்லை. பதவி உயர்வு பெற்றுப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டிய செய்தி இது. தம் வெற்றியைத் தம் மேதைமை என்று நம்பிவிடும் நிர்வாகி, அடுத்த தவற்றை ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.

எட்டு விதிகள்

இதுவரை நூல் உள்ளதை உள்ளபடி விவரிக்கிறது. அதன்பின் ஆலோசனைக்கு வருகிறது. தலைவருக்கு எட்டுச் செயல் விதிகள் தரப்படுகின்றன. சில நல்லவை. ஒரு விஷயத்துக்கு நேரம் ஒதுக்குபவரே அதில் செல்வாக்குப் பெறுவார், ஏனெனில் மற்றவர்களுக்கு நேரமில்லை. இன்று தோற்ற தீர்மானம், வேறு ஆட்கள் அமர்ந்திருக்கும் அடுத்த கூட்டத்தில் வெல்லலாம், ஆகவே விடாமல் முயல வேண்டும். பெயரைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுக் காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம். இவற்றில் குறை காண்பதற்கு இல்லை.

மற்றவை அப்படியல்ல. ஒரே நேரத்தில் ஏராளமான திட்டங்களை முன்வைத்தால் எல்லாவற்றையும் எதிர்க்க யாருக்கும் நேரம் இராது என்கிறது ஒரு விதி. முக்கியமானதைக் காப்பாற்ற, பொதுவான பெரிய விவாதம் ஒன்றைத் தொட்டியாக முன்னே வைத்து எல்லோரையும் அதில் கொட்டவிடச் சொல்கிறது இன்னொன்று. எதிர்ப்பாளரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் அவருடைய எதிர்பார்ப்பு தானே இறங்கிவிடும் என்பது மற்றொன்று. கடைசி விதி வரலாற்றைப் பற்றியது. கூட்டத்தில் நடந்தது என்ன என்பது பெரும்பாலோருக்கு மறந்துவிடும். ஆகவே குறிப்புகளை உரிய இடைவெளி விட்டு, தலைவருக்கு ஏற்றவாறு எழுதலாம் என்ற பொருளில் அது செல்கிறது.

இதைப் படித்தபோது நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள முயன்றேன். நூலாசிரியர்களின் நடையில் கிண்டல் உண்டு, உண்மைதான். ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆய்வக உதவியாளர் ஒருவருக்கு விடுமுறை நாள் வேலைக்கு ஈடு செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். தலைமை மாறியது. புதியவர் அப்படி எதுவும் பேசப்படவில்லை என்றார். அந்த உதவியாளரிடம் இருந்த ஒரே சாட்சி, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மினிட் புத்தகத்தில் இருந்த ஒன்றரை வரி. அது கூட்டம் நடந்த அன்றே எழுதப்பட்டிருந்தது, அதனால் அவர் பிழைத்தார். அதிகாரம் உள்ளவருக்கு மறதி வசதியான கருவி. அது இல்லாதவருக்கு எழுதி வைத்த வரி மட்டுமே துணை.

நூலின் குறை இங்கேதான் இருக்கிறது. தலைவருக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது என்று முதலில் நிறுவுகிறார்கள். பிறகு, மற்றவர்களைவிட அவருக்குத் தெரியும் என்பதுபோல, மற்றவர்களின் கவனக்குறைவைப் பயன்படுத்திக்கொள்ளக் கற்றுத் தருகிறார்கள். நோக்கமே தெளிவில்லாத ஒருவர் இந்த எட்டு விதிகளால் எதைச் சாதிக்கப் போகிறார்? இதற்கு நூல் தரும் பதில், ‘அறிவீனத்தின் தொழில்நுட்பம்’ என்ற கருத்து. நோக்கங்களை முடிந்த முடிவாகக் கொள்ளாமல் விளையாட்டாகச் சோதித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். சுவையான சிந்தனை. ஆனால் விளையாடுபவர் தலைவர், விளையாட்டில் உருட்டப்படும் காய்கள் ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் மாணவர்களும். நூல் முழுவதும் பார்வை தலைவரின் நாற்காலியிலிருந்தே விரிகிறது. எழுத்தர் பக்கத்திலிருந்து அந்தக் குப்பைத்தொட்டி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

பின்வந்தவை

கணினி மாதிரி பற்றி வேறு வகை விமர்சனமும் வந்தது. 2001இல் பெண்டோர், மோ, ஷாட்ஸ் மூவரும், சொற்களில் விளக்கிய கோட்பாடும் கணினி நிரலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எழுதினர். ஓல்சன் அதற்குப் பதில் அளித்தார். நிர்வாகிகளுக்கு இந்த விவாதம் அவ்வளவாகப் பயன்படாது.

அவர்களுக்கு அதிகம் பயன்படுவது ராபர்ட் பர்ன்பாம் 1988இல் எழுதிய ‘ஹவ் காலேஜஸ் வொர்க்’. அவரும் விஸ்கான்சினில் ஒரு வளாகத்தின் வேந்தராக இருந்தவர். ஒழுங்கமைந்த அராஜகத்தைக் கல்லூரியின் ஒரே உருவமாகக் கொள்ளாமல், தோழமைக் குழு, அலுவலக ஆட்சி, அரசியல் களம் ஆகியவற்றோடு நான்கில் ஒன்றாக அவர் வைக்கிறார். இந்தத் திருத்தம் அவசியமானது. நம் நாட்டில் இணைவு பெற்ற கல்லூரிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. அங்கே நோக்கம் தெளிவில்லை என்பதைவிட, கோப்பு வேறோர் அலுவலகத்தில் கிடக்கிறது என்பதே முதல்வரின் கவலை. அதற்கு அராஜகம் என்ற சொல் பொருந்தாது.

கோகன், மார்ச் நூலின் இரண்டாம் பதிப்பு 1986இல் வந்தது. கல்வி நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் நான்கு தெளிவின்மைகளைப் பற்றிய இயலை முதலில் படிக்கலாம். எட்டு விதிகளைப் படிக்கும்போது, கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவராகத் தங்களை நினைத்துக்கொண்டு படிக்கலாம்.