பெயருக்குள் மறைந்த சர்க்கரை

என் நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர், மதுவைத் தொட்டறியாதவர். சென்ற ஆண்டு வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில், கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக எழுதி வந்தது. அந்தத் தாளை இரண்டு மாதம் அவர் மனைவியிடம் காட்டவில்லை. "குடிக்கிறவனுக்கு வருவதல்லவா? யார் நம்புவார்கள்?" என்றார். பிறகு இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. அளவு 31 என வரவே, கல்லீரலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைந்தார். அதே தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றிருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

அவருடைய அச்சமும் தவறு, நிம்மதியும் தவறு. இரண்டிலும் அந்நோயின் பழைய பெயருக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. அப்பெயரைத் தந்த கட்டுரையை இங்கே சற்று நோக்குவோம். இயற்பியல் ஆசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கருவி எதை அளக்கிறது என்பதே எங்கள் பாடத்தின் முதற் கேள்வி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்னும் நோய்க்குறியியல் வல்லுநரும் அவருடைய தோழர்களும் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் கல்லீரல் திசுக்கள் நுண்ணோக்கியில் குடிகாரர்களின் திசுக்களைப் போலவே தோன்றின: கொழுப்பு, அழற்சி, பலரிடம் வடு. மூவருக்குச் சிர்ரோசிஸ் என்னும் முற்றிய நிலையே வந்திருந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் மது அன்று. எனவே 'மது சாராத' என்ற அடைமொழியோடு நோய்க்குப் பெயர் சூட்டினார்கள். குடிக்காதவரைக் குடிகாரர் என்று ஐயுறும் வழக்கத்தை அசைத்த அளவில் அது நல்ல பெயர்தான். நுண்ணோக்கியில் கண்டதைக் கண்டபடி எழுதிய நேர்மையும் பாராட்டுக்குரியது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. காரணம் அறியோம் என்று சொல்லும் அதே கட்டுரை, நோயாளிகளுள் பெரும்பாலோர் பருமனானவர்கள், பலருக்கு நீரிழிவு முதலிய நோய்கள் இருந்தன என்றும் சொல்கிறது. தடயம் கையிலேயே இருந்தது. பெயரோ நோய் எது அன்று என்பதைச் சொன்னதே தவிர, எது என்பதைச் சொல்லவில்லை. ஒரு பொருளைப் 'பித்தளை அல்லாதது' என்று பெயரிட்டால் அதன் அடர்த்தியை எப்படிக் கணக்கிடுவது?

தொடர்பு என்னவென்று இன்று நமக்குத் தெரியும். நாம் உறங்கும்போது இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாமல் காப்பது கல்லீரல். அது வெளிவிடும் அளவைக் கட்டுப்படுத்துவது இன்சுலின். இன்சுலினின் சொல்லை உடல் சரிவரக் கேளாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அப்போது கல்லீரல் விந்தையாக நடந்துகொள்கிறது. சர்க்கரை வெளியீட்டைக் குறை என்ற கட்டளையை மீறுகிறது. கொழுப்பை உருவாக்கு என்ற கட்டளைக்கு மட்டும் பணிகிறது! கொழுப்புத் திசுக்களிலிருந்தும் கொழுப்பு அமிலங்கள் வந்து சேர்கின்றன. ஆகவே என் நண்பரின் 112 என்ற எண், ஒருவகையில் அவருடைய கல்லீரலைப் பற்றிய செய்தியே ஆகும்.

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதி. செல் நைந்தால் இரத்தத்தில் கசிகிறது. அது கசிவின் அளவேயன்றிக் கொழுப்பின் அளவன்று. மேல்நிலைத் தொட்டி ஒழுகவில்லை என்பதால் அடியில் சேறு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கொழுப்பு நிறைய இருந்தும் நொதி இயல்பாக இருக்கலாம். வடு முற்றிய பின் உயர்ந்த நொதி இறங்கிவிடுவதும் உண்டு. வடுவை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஃபிப்-4' என்ற கணக்கைப் பாருங்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். நாம் அஞ்சும் எண் வகுக்கும் இடத்தில் நிற்கிறது! மற்றவை மாறாதிருக்க அது 36இலிருந்து 64 ஆனால், விடை கால் பங்கு குறைந்துவிடும்.

2023இல் பல நாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றின. 'மது சாராத' என்பது போய் 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்பது வந்தது. எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பின் இரு வகைகள் ஆகிய ஐந்தில் ஒன்றாவது பிசகியிருக்க வேண்டும் என்பது இப்போதைய வரையறை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எல்லை 100. ஆங்கிலத்தில் 'கொழுத்த' என்ற சொல்லும் மனத்தைப் புண்படுத்துகிறதென்று நீக்கப்பட்டது. தமிழில் 'உனக்குக் கொழுப்பு' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். நமக்கு இன்னும் மாற்றுச் சொல் கிடைத்தபாடில்லை.

பயனுள்ள சிகிச்சை எதுவும் தெரியாது என்று 1980இல் லுட்விக் எழுதினார். இன்று, எடை மிகுந்தவர்கள் அதில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே கொழுப்பும் அழற்சியும் தணிவது தெரிந்திருக்கிறது. 2024இல் முதல் மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. என் நண்பர் தாளை மனைவியிடம் காட்டிவிட்டார். அடுத்த வாரம் இருவரும் மருத்துவரிடம் போகிறார்கள். 112 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.