ஆற்றுப்படையின் பாதை யாருடையது? வள்ளல் என்னும் சொல்லாடல் குறித்து

2025 செப்டம்பர் கடைசியில் 'அரட்டை' என்கிற செயலி திடீரென்று எல்லார் கைப்பேசியிலும் ஏறிக்கொண்டது. ஜோஹோ நிறுவனம் 2021இலேயே வெளியிட்டதுதான். மத்திய அமைச்சர்கள் சிபாரிசு செய்ததும் பற்றிக்கொண்டது. அந்த வாரங்களில் தமிழில் வந்த கட்டுரைகள், பேட்டிகள், காணொளிகள் எல்லாவற்றையும் ஒரே பிரதியாக வைத்து வாசித்துப் பார்த்தேன். ஸ்ரீதர் வேம்பு வேட்டி கட்டுகிறார், சைக்கிளில் போகிறார், கலிபோர்னியாவை விட்டு 2019இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கு வந்துவிட்டார், பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியும் தந்து வேலையும் தருகிறார், நானும் போனேன், நீங்களும் போங்கள். சாரம் இவ்வளவுதான். எங்கேயோ கேட்ட தொனியா இருக்கேன்னு யோசிச்சா, எம்.ஏ. வகுப்பில் இரண்டு வருஷம் உருப்போட்ட சமாச்சாரம்: ஆற்றுப்படை.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பரிசில் வாங்கிக்கொண்டு திரும்பும் பாணனோ பொருநனோ கூத்தனோ எதிரே வரும் வறியவனை நிறுத்துகிறான். என் வீட்டில் உப்பில்லாமல் வேகவைத்த கீரையைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம், இன்று பார் யானையும் தேரும், நீயும் போ, இன்ன வழியாகப் போ என்கிறான். இதில் கவனிக்க வேண்டியது யார் பேசுகிறார்கள் என்பது. வள்ளல் வாயே திறப்பதில்லை. பயனடைந்தவனின் வாய்தான் பேசுகிறது. அதனாலேயே அது விளம்பரமாகத் தெரியாமல் அனுபவ சாட்சியமாகத் தெரிகிறது. கைலாசபதி 1968இலேயே வீரயுகப் பாடல்களைப் பாணர் மரபோடு வைத்துப் படித்துக் காட்டிவிட்டார். நாம்தான் இன்னமும் 'கொடைச் சிறப்பு' என்று பத்து மார்க் விடையாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு இடம் உண்டு. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழி. அங்கே சுங்கம் வாங்குகிறார்கள். அதைக் காக்க வில்லோடு ஆட்கள் நிற்கிறார்கள். பாட்டின் நோக்கம் இளந்திரையன் ஆட்சியில் வழிப்பறி இல்லை, பயமில்லாமல் போகலாம் என்று சொல்வது. ஆனால் அந்தச் சில அடிகளில் பிரதி தன்னையும் அறியாமல் ஒன்றைக் கக்கிவிடுகிறது. பரிசில் கொடுக்கிற கைக்கு அந்தப் பரிசில் எங்கிருந்து வந்தது? பாதையும் அவனுடையது, பாதையில் நிற்கும் வில்லும் அவனுடையது. வகுப்பில் இந்த இடத்தைப் 'பண்டைத் தமிழரின் வாணிகச் சிறப்பு' என்று ஒரு வரியில் கடந்து போனோம். இலக்கியக் கல்வி நமக்குச் செய்த முக்கியமான வேலை இதுதான்: கொடையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது, சுங்கத்தைப் படிக்காமலிருக்கக் கற்றுக்கொடுத்தது.

இந்தப் பழக்கத்தோடுதான் நாம் தொழில்நுட்பக் கோடீஸ்வரர்களிடம் வந்து சேர்ந்தோம். 2015 டிசம்பரில் ஃபேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று ஒரு திட்டத்தை இந்தியாவில் திணிக்கப் பார்த்தது. சில இணையதளங்கள் மட்டும் ஏழைகளுக்கு இலவசம். எந்தத் தளங்கள் என்பதற்கான விதிமுறை ஃபேஸ்புக் கையில். முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. சக்கர்பெர்க் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினார். அதில் மகாராஷ்டிரத்து விவசாயி ஒருவர் வருகிறார். இந்தச் சேவையால் மழைநிலவரமும் விளைபொருள் விலையும் தெரிந்து பிழைத்துக்கொண்டார். பரிசில் பெற்ற பாணன் எவ்வளவு துல்லியமாக வந்து நிற்கிறான் பாருங்கள்! சங்க இலக்கியம் சக்கர்பெர்க்குக்குத் தெரியாது. தெரிந்திருக்க அவசியமில்லை. அதிகாரம் தன்னைச் சொல்லிக்கொள்ள எங்கேயும் அதே வடிவத்தைத்தான் தேடும் போல.

அந்தப் பரிசில் மறுக்கப்பட்டது. 2015 ஏப்ரலிலேயே இணையச் சமவாய்ப்புக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான டிராய்க்குப் போயிருந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வைக்கக்கூடாது என்று டிராய் உத்தரவிட்டது. ஃபேஸ்புக் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. போராளி நண்பர்கள் இந்த வெற்றியைச் சீக்கிரம் மறந்துவிட்டார்கள். மறக்கும்படி அடுத்த பரிசில் வந்துவிட்டதும் ஒரு காரணம். அதே 2016 செப்டம்பரில் ஜியோ. முதல்பக்க விளம்பரத்தில் பிரதமர் படம். மறு மார்ச் 31 வரை டேட்டா இலவசம். கிடைத்ததை யார் வேண்டாம் என்பார்கள்? நானும் வரிசையில் நின்று சிம் வாங்கியவன்தான். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தது. அதற்குக் கடன் உட்படப் பல காரணங்கள். நம்பரை மாற்றிக்கொள்ள அல்லாடிய தமிழ்நாட்டு ஜனங்களுக்குக் காரணம் எதுவானால் என்ன, மிச்சமிருந்த கடைகள் இரண்டு மூன்றுதான். 2020இல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாயும் கூகுள் 33,737 கோடி ரூபாயும் போட்டன. முன்வாசலில் விரட்டிய ஆள் கொல்லைப்புறமாகப் பங்காளியாகி உள்ளே வந்தாச்சு. 2024 ஜூலையில் எல்லாருமாகக் கட்டணத்தை ஏற்றினார்கள். பாதையில் சுங்கம்.

"என்னண்ணே, பணக்காரன்னாலே திட்டணுமா? அழகப்பச் செட்டியார் இல்லேன்னா நீங்க ஏது, நான் ஏது?" என்று இங்கே காரைக்குடியில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஊரில் இருந்துகொண்டு செல்வத்தைப் பற்றிப் பேசுகிறவன் இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

அழகப்பர் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். கொடுத்த பிறகு அந்த ஆய்வகம் அழகப்பருடையது இல்லை, அரசினுடையது. கொடை கையை விட்டுப் போனது. இன்னொரு கொடையும் செட்டிநாட்டில் உண்டு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929இல் உண்டாக்கிய பல்கலைக்கழகம். அங்கே இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்திலேயே வழிவழியாக இருந்தது. நிதிநெருக்கடி முற்றி, 2013இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளும்வரை நிலைமை அதுதான். இரண்டு பேருமே வள்ளல்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இரண்டும் ஒரே வினைச்சொல் அல்ல என்பது நமக்குப் படவில்லை. கொடுத்தபின் கை விலகியதா, விலகவில்லையா? கொடையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியில் முக்கால்வாசி இதுதான்.

மிச்சக் கால்வாசி பர்மாவில் இருக்கிறது. 1930இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் நகரத்தார் கையில் இருந்தது. 1937வாக்கில் அது 25 சதவீதம். இடையில் நடந்தது உலகப் பொருளாதார வீழ்ச்சி. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் வந்து சேர்ந்தது. வட்டிக்கடைக்காரருக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, காசுதான் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. இதில் ஒரு சாதியின் குணம் என்று எதுவும் கிடையாது. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தவர்கள் வரவில் மகமை எடுத்துவைக்கும் பக்தியுள்ள, நேர்மையான கணக்கர்கள். தனிமனிதர்கள் நல்லவர்களாக இருக்க இருக்கவே ஒரு தேசத்தின் வயல் கை மாறியது. கானாடுகாத்தானில் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து வியக்கிற சுற்றுலாக் கட்டுரை எதிலும் அந்தப் பர்மிய விவசாயி வருவதில்லை. ஆற்றுப்படையில் பரிசில் பெற்றவனுக்கு மட்டும்தான் குரல். சுங்கம் கட்டினவனுக்கு இல்லை.

யானிஸ் வாரூஃபாகிஸ் 2023இல் எழுதிய புத்தகத்தில் இன்றைய நிலையைத் தொழில்நுட்ப நிலப்பிரபுத்துவம் என்கிறார்: சந்தையின் இடத்தில் தளங்கள், லாபத்தின் இடத்தில் வாடகை. பயனுள்ள சொல்தான். ஆனால் ஐரோப்பிய நிலப்பிரபுவைக் கடன் வாங்கி வர வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. லேவாதேவிக்காரரிடமிருந்தே யோசிக்கலாம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், அது பெரிய வித்தியாசம். பர்மாவில் கடன்பட்டவன் விவசாயி. அரசு மேலே இருந்தது. வெள்ளைக்காரன் கோர்ட்டு இருந்தவரை வசூல் நடந்தது. சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததும் கணக்கு முடிந்தது. இன்றைக்கு அரசே கடன்பட்டவனின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் பதவியேற்றபோது மஸ்க், பெசோஸ், சக்கர்பெர்க், சுந்தர் பிச்சை ஆகியோர் அமைச்சராகப் போகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படத்திலும் 'மதுரையில் பிறந்தவர்' என்று பிச்சையைத் தேடிப் பூரித்தவர்கள் உண்டு. மஸ்க் அந்தத் தேர்தலில் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தவர். 2022இல் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கியவர். அதே வருஷம் உக்ரைன் போரில், கிரீமியா பக்கம் ஸ்டார்லிங்க் இணைப்பைத் திறந்துவிட முடியாது என்று ஒற்றை ஆளாக முடிவெடுத்தவர். ஒரு ராணுவத்தின் பாதை ஒருவர் விருப்பத்தில் இருந்தது. அந்த ஸ்டார்லிங்கை இங்கே கொண்டுவர 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாள் ஒப்பந்தம் போட்டன. ஜூனில் அரசு உரிமமும் கொடுத்தது.

இதோடு ஒப்பிட்டால் ஜோஹோ எவ்வளவோ மேல், நம் ஆள், சுதேசி என்பார்கள். மேல்தான். பங்குச்சந்தைக்குப் போகாமல், வெளி முதலீட்டாளர்களுக்கு ஆடாமல் 1996இலிருந்து ஒரு நிறுவனத்தை வளர்த்ததும், பட்டணத்துக்கு வெளியே வேலையைக் கொண்டுபோனதும் சாமானியம் இல்லை. அவர் நடத்தும் பள்ளியைப் பார்த்தால் எனக்குப் பெட்டியடிதான் ஞாபகம் வருகிறது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகிற நகரத்தார் முறை. பட்டம் கேட்காமல் கடையிலேயே கற்றுக்கொடுக்கிற அந்த ஏற்பாட்டில் அசலான அறிவு இருந்தது. முதலாளியைக் கேள்வி கேட்க இடமில்லை என்பதும் அதே ஏற்பாட்டில் இருந்தது.

வேம்பு நல்லவரா என்பதல்ல விஷயம். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினர் ஆனார். 2023இல் அரசு மின்னஞ்சலுக்கான ஒப்பந்தம் அவருடைய நிறுவனத்துக்குப் போனது. 2025இல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. முகவரியின் வால் மட்டும் பழையபடி அரசுடையதுதான். தேசிய தகவலியல் மையம் என்று அரசுக்கே ஒரு துறை இருக்கும்போது, அதைப் பலப்படுத்தாமல் ஒரு தனியார் தளத்துக்கு ஏன் போக வேண்டும்? ஒப்பந்தம் முடிந்து விலக நினைத்தால் அரசால் விலக முடியுமா? அமெரிக்க நிறுவனமாக இருந்தால் நாம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை. வேட்டி கட்டியிருப்பதால் வாய் அடைத்துப்போகிறது. சுதேசி என்கிற சொல் கப்பல் யாருடையது என்று கேட்க வ.உ.சி. காலத்தில் பயன்பட்டது. இன்று அதே கேள்வியைக் கேட்காமலிருக்கப் பயன்படுகிறது.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாட்டு ஒன்று உண்டு. அதியமான் நேரில் பார்க்காமலேயே பரிசில் கொடுத்தனுப்பினான். என்னைக் காணாமல் கொடுத்ததை வாங்கிக்கொள்ள நான் வியாபாரி இல்லை என்று புலவர் மறுத்துவிட்டார். ஆற்றுப்படைக்கு எதிர்த்திசையில் நடக்கிற பாட்டு இது. ஆனால் அவருடைய குறையே இன்று தலைகீழாகிவிட்டது. காணாமல் கொடுத்தான் என்று அவர் வருந்தினார். இன்றைய வள்ளல் கண்டுகொண்டேதான் கொடுக்கிறான், காண்பதற்காகத்தான் கொடுக்கிறான். எத்தனை மணிக்குத் தூங்குகிறோம், எந்தக் கூட்டத்துக்குப் போகிறோம், யாரிடம் கோபம், எல்லாம் பார்த்தாயிற்று.

நாம் இதற்கு வெளியே நிற்கவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் திரட்டின என்று நாமே எழுதினோம். அதாவது நாமே ஒரு ஆற்றுப்படை பாடினோம். 2021 பிப்ரவரி 1 அன்று விவசாயிகள் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, அரசு கேட்டதற்காக ட்விட்டர் சுமார் 250 கணக்குகளை இந்தியாவில் மறைத்தது; 'கேரவன்' பத்திரிகையின் கணக்கும் அதில் ஒன்று. சில மணிநேரத்தில் திறந்தார்கள். பிறகு வேறு பல கணக்குகளை மூடினார்கள். கூட்டம் கூட்டுகிற பாதையும் கூட்டத்தைக் கலைக்கிற பாதையும் ஒரே ஆளிடம் இருப்பது அன்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இப்போது சிறுபத்திரிகைகள் பலவும் சந்தாதாரர் முகவரி நோட்டை மூலையில் போட்டுவிட்டு வாட்ஸப் குழுவை நம்பி நடக்கின்றன.

செக்காலை ரோட்டில் சாயந்திரம் ஏழு மணிக்கு நின்றால், சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு பையன்கள் கைப்பேசி காட்டும் அம்புக்குறியைப் பார்த்தபடி வண்டியில் போவது தெரியும். எந்தத் தெரு வழியாக, எத்தனை நிமிஷத்தில், என்ன கூலிக்கு என்பதெல்லாம் அந்த அம்புக்குறிக்குத்தான் தெரியும். தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது. கர்நாடகம் 2025இல் சட்டமே இயற்றி, தானியங்கிக் கணிப்பு முறைகள் கூலியையும் வேலையையும் எப்படித் தீர்மானிக்கின்றன என்று தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு பிரிவையும் சேர்த்தது. அந்தப் பிரிவைத் தமிழில் யாராவது மொழிபெயர்த்து அச்சடித்தால், செக்காலை ரோட்டில் விநியோகிக்க நான் வருகிறேன்.